மாயாபுரியில் ஆக்ஸில் தேடிய மாதங்கள்

என் கணவர் ராணுவப் பட்டறையில் பதினைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்து வெளியே வந்தவர். நான் தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவுக் குமாஸ்தா. வருகிற கடிதங்களைப் பதிவு செய்வதும் போகிற கடிதங்களுக்கு எண் போடுவதும் என் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், சரோஜினி நகரில் எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருவரும் இருந்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஆக்ஸிலைத் தவிர வேறு பேச்சே இல்லை.

பேச்சை ஆரம்பித்து வைத்தவர் அவருடைய பட்டாளத்து நண்பர். கட்வால் மலைக்காரர். ஒரே பட்டறையில் ஆறு வருஷம் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இவரை 'உஸ்தாத்', அதாவது குரு, என்றுதான் கூப்பிடுவார், என்னை 'பாபிஜி', அண்ணி. அவருடைய கிராமம் பஸ் நிற்கிற இடத்திலிருந்து பதினோரு மைல் மேலே. மண் பாதை. மழை விழுந்தால் சாதாரண லாரி பாதி ஏற்றத்திலேயே பின்சக்கரம் சுழன்றுகொண்டு நின்றுவிடுமாம். உருளைக்கிழங்கு மூட்டையெல்லாம் கோவேறு கழுதையின் முதுகில்தான் இறங்கும். நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன லாரி ஒன்று இருந்தால் மலையே நம் கையில் என்றார்.

என் கணவர் அப்போது கரோல் பாக்கில் ஒரு தனியார் பட்டறையில் இருந்தார். அந்தப் பட்டறைக் கொல்லையில் ஒரு பழைய லாரியின் சட்டமும் ஓடுகிற நிலையில் ஒரு டீசல் எஞ்சினும் சேர்த்து வைத்திருந்தார். மிச்சம் வேண்டியது முன்னாலும் பின்னாலும் சக்கரங்களைத் தாங்கித் திருப்புகிற ஆக்ஸில் இரண்டு. முன்சக்கரத்தையும் இழுக்க வைக்கிற ஆக்ஸில் சாதாரணக் கடைகளில் கிடையாது. ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்ட சாமான்களில்தான் கிடைக்கும். ஏலம் எடுத்தவர்கள் அதைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் மாயாபுரி கபாடி மார்க்கெட், தில்லியின் பழைய இரும்புச் சந்தை.

நானும் கூடப் போனேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இரும்புக் கடைல நீ இன்னா பண்ணப் போற?"

"நீங்க இரும்பப் பாருங்க. நான் ஆளப் பாக்கறேன்."

சிரித்தார். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கணவருக்கு எந்திரத்தின் பொய் தெரியும். மனிதர்களின் பொய் தெரியாது. எதிரில் இருப்பவன் பட்டாளத்தைப் பற்றி நாலு வார்த்தை மரியாதையாகப் பேசிவிட்டால் போதும், உருகிவிடுவார்.

ஊரை வட்டமடிக்கிற முத்ரிகா பஸ்ஸில் ஏறி மாயாபுரியில் இறங்கினோம். சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகளின் உறுப்புகள் குவிந்து கிடந்தன. கதவுகள் ஒரு மலை, ஸ்டியரிங்குகள் ஒரு மலை. தரையெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. நண்பர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். நாலைந்து கடை விசாரித்த பிறகு, தெருக் கோடியில் இருந்த ஒரு பெரிய கொட்டகைக்கு அழைத்துப்போனார். வெள்ளைக் குர்த்தா போட்ட பஞ்சாபி வியாபாரி எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி வந்தது. நாங்கள் உட்காருவதற்குள் டீயும் வந்தது. கேட்காமல் வருகிற டீயைக் கண்டாலே எனக்கு ஆகாது. அலுவலகத்திலும் அப்படித்தான், டீ முதலில் வரும், மனு பின்னால் வரும்.

முதலில் காட்டிய ஜோடி பச்சைப் பெயின்டில் பளபளவென்று இருந்தது. என் கணவர் குனிந்து, வீட்டுச் சாவியால் ஓர் இடத்தில் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே பித்தளை நிறத்தில் ஒரு கோடு ஓடியது. விரிசலில் பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். பிறகு நடுவில் பூசணிக்காய்போல் உப்பியிருந்த பகுதியின் அடித்திருகைக் கழற்றச் சொன்னார். வடிந்த எண்ணெயை விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார்.

"இன்னா வாசன?"

"மரம் மாதிரி இருக்கு."

"மரத்தூளு. உள்ள கியர் பல்லு தேஞ்சி போயி கத்துச்சின்னா, மரத்தூளப் போட்டா சத்தம் அடங்கிடும். நூறு மைலுக்கு."

வியாபாரி கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "உஸ்தாத் கிட்ட எதையும் மறைக்க முடியாது" என்று ஹிந்தியில் சொல்லி, கைகொட்டிச் சிரித்து, இன்னொரு சுற்று டீ சொன்னார். என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் 'உஸ்தாத்' என்று கூப்பிட இந்த ஆளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நண்பர் அந்த வார்த்தையை அங்கே ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். நண்பர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் வேறொரு ஜோடி. முன்னதற்கும் பின்னதற்கும் ஒரே எண் பொறித்த தகடு இருந்தது. ஒரே வண்டியிலிருந்து கழற்றியது, அப்படியே மாட்டலாம் என்றார் வியாபாரி. என் கணவர் தகட்டை நம்பவில்லை. தகட்டை முடுக்கிய திருகின் காடியில், சமீபத்தில் கழற்றி மாட்டிய புதுக் கீறல் இருப்பதை எனக்குக் காட்டினார். இரண்டையும் செங்கல் மேல் தூக்கி வைக்கச் சொன்னார். ஒரு பக்கச் சக்கர முனையை நண்பர் அசையாமல் பிடித்துக்கொண்டார். மறுபக்க முனையில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்த முனை இரண்டு முழுச் சுற்று வரும் வரை, எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற நடுத்தண்டை இவர் கையால் சுழற்ற வேண்டும். எத்தனை தடவை சுழற்றுகிறார் என்று எண்ணுவது என் பொறுப்பு. பின் ஆக்ஸிலுக்கு ஐந்து முடிவதற்குள் இரண்டு சுற்று வந்துவிட்டது. முன் ஆக்ஸிலுக்கு ஆறு கிட்டே போனது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். அதே கதைதான்.

"பெஹன்ஜி, ஒரு சுற்றில் என்ன வந்துவிடப் போகிறது?" என்றார் வியாபாரி.

வெளியே வந்ததும் இவரிடம் அதையே கேட்டேன்.

"ஒரு கயித்துக் கட்டில ரெண்டு பேரு தூக்கிக்கினு போறாங்கன்னு வெய்யி. முன்னால போறவன் மெதுவா, பின்னால வர்றவன் ஓட்டமா. இன்னா ஆவும்? சேத்துல வழுக்கினு போயிடும், தெரியாது. கெட்டித் தரைல வந்தா வண்டி நடுவுல இருக்கற கியர் பெட்டி பொளந்துக்கும்."

மூன்றாவது தடவை போனபோது வியாபாரி எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஓர் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். தார்ப்பாயை விலக்கினார். மரச்சட்டத்துக்குள், கிரீஸ் தடவிய காகிதம் சுற்றி, இரண்டு ஆக்ஸில்கள். சாலையே பார்க்காதவை. என் கணவர் காகிதத்தை ஓர் ஓரத்தில் பிரித்து உள்ளங்கையை இரும்பின்மேல் வைத்தார். அப்படியே வைத்திருந்தார். சாக்பீஸைக் கேட்கவில்லை, சாவியை எடுக்கவில்லை. பதினைந்து வருஷம் அவர் கழற்றி மாட்டிய அதே வகை.

"இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் உஸ்தாத்" என்றார் நண்பர். "நாளைக்கு இருக்காது."

அவர் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

"காயிதம் இருக்குதா கேளுங்க" என்றேன்.

ராணுவச் சாமான் வெளியே வர, டிப்போவிலிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் திருட்டுச் சாமான். வியாபாரி தயாராக வைத்திருந்தார், பிளாஸ்டிக் உறையில். வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். நாள் முழுக்க நான் புழங்குவது இப்படிப்பட்ட காகிதங்களில்தான். முத்திரை நேராக, நாலு மூலையும் தெளிவாகப் பதிந்திருந்தது. எந்த அலுவலகத்தில் அவ்வளவு பொறுமையாக முத்திரை குத்துகிறார்கள்? கடித எண்ணும் அதிகாரியின் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே நீலத்தில். கையெழுத்துப் போடுகிறவர் அதிகாரி, எண் போடுகிறவள் என்னைப்போல் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே பேனாவை எடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியாகத் தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதியில் குருநானக் ஜெயந்தி. ஊர்வலத்துக்காக பஸ்ஸை எங்கெங்கோ திருப்பிவிட்டு, கோவிலுக்குக் கிளம்பிய நாங்கள் பாதி வழியில் இறங்கி நடந்தது நன்றாக நினைவிருந்தது. அரசாங்கமே பூட்டிக் கிடந்த நாளில் இந்தக் கடிதத்துக்கு எண் போட்டது யார்?

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போலாம் வாங்க" என்றேன் தமிழில்.

பஸ் நிறுத்தத்தில் சண்டை. சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

"உனுக்கு ஒலகத்துல எல்லாமே திருட்டுதான்" என்றார்.

"தேதியப் பாத்தீங்களா?"

"எவனாச்சும் லீவுல வந்து வேல செஞ்சிருப்பான்."

"லீவுல வந்து வேல செய்யற ஆள எனக்குக் காட்டுங்க, நான் கால்ல வுழுறேன்."

நான் நிறுத்தவில்லை. "ஒங்க ஃப்ரெண்டுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்? அத்தக் கேளுங்க மொதல்ல."

அந்த வார்த்தைக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. வீடு வரும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுவாரம் புதன்கிழமை, அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் தனியாக மாயாபுரி போனேன். அந்தத் தெருவில் பெண்களே கிடையாது. சால்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கக் கதவுக் குவியலுக்குப் பின்னால் நின்றேன். நான் எதிர்பார்த்தது சரியாக இருந்தது. நண்பர் கொட்டகைக்குள் இருந்தார். அவர் ஏதோ கேட்க, வியாபாரி தலையாட்டி மறுத்தார். பிறகு தோளில் தட்டி வெளியே அனுப்பினார். எங்களிடம் 'இந்தக் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தேன்' என்று சொன்ன மனிதர், அங்கே பழகிய ஆள்போல் இரும்புக் குவியல்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தார். தரகு பேசுகிறார் என்று முடிவு கட்டினேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டுத் தட்டு வைத்த பிறகு கேட்டுவிட்டேன். அது பெரிய தப்பு. கேட்பதென்றால் அதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

"புதன்கிழமை அந்தக் கடையில் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?"

சப்பாத்தியைப் பிட்ட கை நின்றது. என் கணவர் என்னை முறைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் மறுப்பார், இவர் அதை நம்புவார் என்று நினைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"அங்கே நாலு மாதம் இரும்பு சுமந்தேன், உஸ்தாத்" என்றார்.

பட்டாளத்திலிருந்து வெளியே வந்ததும் தில்லியில் ஒரு கம்பெனியின் வண்டிக் கொட்டகையில் மேற்பார்வையாளராக இருந்தேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். ஊரிலும் அதையே சொல்லியிருந்தார். அப்படி ஒரு வேலையே கிடைக்கவில்லை. அந்த வியாபாரியின் கொட்டகையில் லாரியிலிருந்து ஆக்ஸிலும் எஞ்சினும் இறக்கும் கூலியாக இருந்திருக்கிறார். சேரும்போது ஜாமீனாக அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வியாபாரி வாங்கி வைத்துக்கொண்டார். பட்டாளத்துக்காரனுக்கு அந்தப் புத்தகம்தான் எல்லாம். அது இல்லாவிட்டால் பென்ஷன் இல்லை, வேறு வேலை இல்லை, யார் என்று நிரூபிக்க வழியில்லை. சொல்லாமல் வேலையை விட்டுப் போனதால் வியாபாரி திருப்பித் தரவில்லை. இப்போது, 'உன் உஸ்தாத்தை அந்த உள்ளறை ஜோடியை எடுக்க வை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ' என்றிருக்கிறார்.

"அது திருட்டுச் சாமான் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கேட்கவில்லை, பாபிஜி. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். என் கணவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். அது என்னிடம் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் மாயாபுரி போனோம். நண்பரை அழைக்கவில்லை. டீ வந்தது, நான் தொடவில்லை. அந்த விடுவிப்புக் கடிதத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று என் உடைந்த ஹிந்தியில் கேட்டேன். தேதியின் மேல் விரல் வைத்தேன்.

"அன்றைக்கு அரசு விடுமுறை. நான் அரசு அலுவலகத்தில்தான் இருக்கிறேன். இந்த எண்ணைப் போட்டது எந்த டிப்போ என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் பத்து நாளில் பதில் வரும்."

வியாபாரியின் சிரிப்பு குறையவேயில்லை. என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெஹன்ஜிக்கு என்ன வேண்டும்?"

"டிஸ்சார்ஜ் புத்தகம்."

இழுப்பறையைத் திறந்து எடுத்துப் போட்டார். பழுப்பு அட்டையில் எண்ணெய்க் கறை. என் கணவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் எழுந்தபோது, "அச்சா, டீ ஆறிப்போயிற்றே" என்றார் வியாபாரி.

அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு ஆக்ஸில்கள் யாருக்குப் போயின என்று இன்றைக்கும் தெரியாது. எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது என்மேலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

புத்தகம் கைக்கு வந்த பிறகும் நண்பர் ஆக்ஸில் தேடுவதைக் கைவிடவில்லை. தினமும் காலையில் கிளம்பி, ஒவ்வொரு யார்டாக நடந்தார். இரண்டு வாரம் கழித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மயூர் விஹாரில் ஒரு வண்டி இருப்பதாக வந்து சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, இவரிடம் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டேன்.

அங்கே அப்போதுதான் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. மணலும் செங்கல்லும் குவிந்த வெளியில், போர்க்காலத்து அமெரிக்க வண்டி ஒன்று எஞ்சின் இல்லாமல் நின்றது. கான்ட்ராக்டர் செங்கல் ஏற்றப் பயன்படுத்தியதாம். துரு, சேறு, எண்ணெய்க் கசிவு. பார்க்க அழுகையாக வந்தது. என் கணவர் மல்லாந்து படுத்து அடியில் புகுந்தார்.

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, செங்கல் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் கிட்டே வந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி.

"இந்த வண்டியையா பாக்க வந்தீங்க? போன மழையில சேத்துல மாட்டுன ரெண்டு லாரிய இதுதாங்க்கா இழுத்துப் போட்டுச்சி. எஞ்சின்தான் பூடுச்சி."

இவளுக்கு இதைச் சொல்வதில் என்ன லாபம் என்று அப்போதும் எனக்கு ஓடியது. அவள் அடுத்த நடைக்குத் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"முன்னாடி பின்னாடி ரெண்டையும் யாரும் கழட்டவே இல்ல" என்று வண்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. "நட்டுமேல இருக்கற அழுக்கே முப்பது வருசத்து அழுக்கு."

அடித்திருகைக் கழற்றினார். கறுத்த எண்ணெய், மரவாசனை இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, நண்பர் ஒரு முனையைப் பிடிக்க, நான் எண்ணினேன். முன்னும் பின்னும் ஒன்றே. எண்ணும்போது நண்பர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கான்ட்ராக்டர் கொடுத்த ஏலக் காகிதம் எலி கடித்து, டீ சிந்தி இருந்தது. முத்திரை தலைகீழாகக் குத்தியிருந்தது. கையெழுத்து நீலம், எண் கறுப்பு. தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. "எடுத்துக்கலாம்" என்றேன்.

லாரி கட்டி முடிய எட்டு மாதம் ஆயிற்று. நண்பர் ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அடுத்த கோடையில் எங்களைக் கூப்பிட்டார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பதினோரு மைலும் அந்த லாரியில்தான் போனோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் பின்சக்கரம் சுழல ஆரம்பித்தது. அவர் ஒரு நெம்புகோலை இழுத்தார். முன்சக்கரங்கள் மண்ணைக் கடித்து வண்டியை மேலே தூக்கின. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கீழேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். நண்பர் என்னிடம் மரியாதையாகப் பேசினார், அளந்து பேசினார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை ஆண்கள் இருவரும் வண்டியைக் கழுவப் போயிருந்தார்கள். நண்பரின் மனைவி அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? பட்டாளத்திலிருந்து வந்தபிறகு இவர் நாலு மாதம் தில்லியில் இருந்தார். ஏதோ கம்பெனி என்கிறார். தோள் இரண்டும் காய்ப்புக் காய்த்து வந்தார். மேற்பார்வை வேலையில் தோள் காய்க்குமா? எனக்கு என்னவோ சந்தேகமாகவே இருக்கிறது."

அவள் முகத்தை நான் பார்த்தேன். நான் கேட்கிற மாதிரியேதான் கேட்டாள், கையில் வேலையை நிறுத்தாமல், கண்ணை மட்டும் என்மேல் வைத்துக்கொண்டு.

"கம்பெனியில்தான் இருந்தார்" என்றேன். "வண்டி வேலை அப்படித்தான். மேற்பார்வை என்றாலும் ஆள் வராத நாளில் தானே தூக்க வேண்டும்."

"உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"நான் போய்ப் பார்த்திருக்கிறேன்" என்றேன்.

அவள் மாவை உருட்ட ஆரம்பித்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.